சாகாத பகைவனும் சலித்த வாசகனும்

கடந்த கோடை விடுமுறையில் என் தமக்கையின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். பதினோராம் வகுப்பில் பயிலும் அவர்தம் மகன், கட்டிலில் சாய்ந்தவாறு தடித்த ஆங்கிலப் படக்கதை நூலொன்றைப் புரட்டிக்கொண்டிருந்தான். அட்டையில் சுண்ணாம்பு பூசினாற்போன்ற வெள்ளை முகமும், பச்சை முடியும், காதுவரை நீண்ட சிரிப்புமாக ஒருவன் நின்றான். "யாரப்பா இவன்?" என்று அறியாதவன்போல் வினவினேன். "ஜோக்கர், மாமா. பேட்மேனோட வில்லன்" என்றவன், நீண்ட கொட்டாவி ஒன்றை விட்டான். "இந்தத் தடவை ஊரையே பிடிச்சுட்டான். எப்படியும் கடைசியில தப்பிச்சிடுவான்" என்று கூறி, நூலை மூடித் தலையணைக்கடியில் செருகிவிட்டு உறங்கப் போனான்.

அந்தக் கொட்டாவியே இக்கட்டுரைக்கு வித்து. 1940-ஆம் ஆண்டில் படிப்போரை நடுங்கச் செய்வதற்கென்றே படைக்கப்பெற்ற கொலைஞன் ஒருவன், எண்பது ஆண்டுகளுக்குப் பின் நம் வீட்டுப் பிள்ளைக்குத் தாலாட்டாகிவிட்டான். இது எவ்வாறு நேர்ந்தது?

தமிழ்த்துறை மலரில் அமெரிக்கப் படக்கதைக்கு என்ன இடம் எனச் சான்றோர் சிலர் புருவம் நெரிக்கக்கூடும். மலர்க்குழுவில் என் தலைப்பைக் கூறியபோதே இரண்டு புருவங்கள் உயர்ந்ததைக் கண்டேன். நம் மாணவர்கள் கம்பனைத் தேர்வுக்காகப் படிக்கின்றனர். பேட்மேனைத் தாமாகவே படிக்கின்றனர், படமாகவும் பார்க்கின்றனர். தாமாகப் படிப்பது எது என்பதை இலக்கிய ஆசிரியன் அறியாதிருத்தல் முறையன்று. மேலும் ஓர் உண்மையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். என் இளமைப் பருவம் முத்து காமிக்ஸிலும் லயன் காமிக்ஸிலும் கழிந்தது. சிவகாசியிலிருந்து 1972-இல் 'இரும்புக்கை மாயாவி'யோடு தொடங்கியது முத்து. 1984-இல் பிறந்தது லயன். லயனில் எங்களைக் கட்டிப்போட்ட ஸ்பைடர், 1965-இல் இங்கிலாந்துப் படக்கதை இதழொன்றில் குற்றவாளிகளின் அரசனாக வேண்டும் என்ற வெறியுடன் தோன்றிப் பின்னர்க் குற்றவாளிகளுக்கே எமனாக மாறியவன். அவன் கதைகளுள் பலவற்றை எழுதியவர் சூப்பர்மேனைப் படைத்த இருவருள் ஒருவரான ஜெர்ரி சீகல் என்பதைப் பின்னாளில்தான் அறிந்தேன். அக்கதைகளில் வந்த பகைவர்கள் பெரும்பாலும் ஒருமுறை வந்தார்கள், புதிதாக ஒரு பொறியையோ சூழ்ச்சியையோ காட்டினார்கள், ஒழிந்தார்கள். அடுத்த மாதம் அவர்களுடைய பெயர்கூட எங்களுக்கு நினைவில் இராது. அதனால் எங்களுக்கு எவ்விதக் குறையும் தோன்றியதில்லை.

அமெரிக்க அதிவீரர் படக்கதைகளின் நிலை வேறு. அங்கே தலைவனுக்கு நிகராகப் பகைவனும் நிலைபேறு உடையவன். நாம் வழக்கில் 'வில்லன்' என்று கூறும் இவ்வெதிர்த்தலைவர்களுள் முதலிடம் பெறுபவன் ஜோக்கரே ஆதலின், அவன் வரலாற்றையே இங்கு விரித்துரைக்கலாம்.

பேட்மேன் 1939-இல் தோன்றினான். மறு ஆண்டு இளவேனிற் பருவத்தில் அவன் பெயரிலேயே வெளிவந்த தனி இதழின் முதல் எண்ணில் ஜோக்கர் வருகிறான். பில் ஃபிங்கர், பாப் கேன், ஜெர்ரி ராபின்சன் ஆகிய மூவருள் அவனைப் படைத்ததில் எவர் பங்கு எவ்வளவு என்ற பிணக்கு இறுதிவரை தீரவில்லை. முகத்திற்கு மட்டும் மூலம் தெரியும். விக்டர் ஹ்யூகோவின் புதினத்தைத் தழுவி 1928-இல் வெளிவந்த 'சிரிக்கும் மனிதன்' என்னும் ஊமைப்படத்தில் ஜெர்மானிய நடிகர் கான்ராட் வைட் பூண்ட தோற்றமே அது. நாவலில் அம்முகம் கொடியோரால் சிதைக்கப்பட்ட ஓர் ஏழையின் முகம், இரங்கத்தக்க முகம். படக்கதைக்கு வந்தபோது அது கொலைஞனின் முகமாயிற்று.

அம்முதற் கதையின் தொடக்கத்தை நான் பலமுறை வியந்ததுண்டு. வானொலியில் ஒரு குரல் ஒலிக்கிறது. இன்னாரை இன்றிரவு பன்னிரண்டு மணிக்குக் கொன்று அவருடைய வைரத்தையும் கவர்வேன் என்று அறிவிக்கிறது. காவலர் வீட்டைச் சூழ்ந்து நிற்கின்றனர். எவரும் உள்ளே நுழையவில்லை. மணி பன்னிரண்டு அடிக்கிறது. அச்செல்வர் வீழ்ந்து இறக்கிறார். இறந்த முகத்தில் மெல்ல மெல்லச் சிரிப்பொன்று விரிகிறது. நஞ்சு முந்திய இரவே ஊட்டப்பட்டுவிட்டது. குறித்த நாழிகையில் அது வேலை செய்தது, அவ்வளவுதான்.

தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளைக் கூறுமிடத்து, அச்சத்திற்கு அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கு நிலைக்களன்களை வகுத்தார். ஜோக்கர் கள்வன், காண்பதற்கு அணங்கு. இரண்டும் ஓருருவில் இணைந்தமையால் அச்சம் இரட்டித்தது. ஆயினும் அவனைத் தனித்து நிறுத்துவது அச்சம் மட்டுமன்று. நகை பிறக்க வேண்டிய இடத்தில் அச்சம் பிறப்பதே அவனுடைய தனித்தன்மை. கோமாளியைக் கண்டால் சிரிக்கப் பழகிய மனம், சிரிக்க முற்பட்டு நடுவழியில் திகைக்கிறது. இத்திகைப்பை மருட்கை எனலாம். மருட்கையின் நிலைக்களன்களாகத் தொல்காப்பியர் கூறிய நான்கனுள் முதலில் நிற்பது புதுமை. அச்சம் பழகினாலும் ஓரளவு எஞ்சி நிற்கும். மருட்கை பழகினால் ஒரு துளியும் எஞ்சாது. ஜோக்கருக்கு நேர்ந்த கேட்டின் வேர் இங்கேதான் இருக்கிறது.

படைத்தோர் இதனை உணராதவர் அல்லர். அதே முதல் இதழின் இரண்டாங் கதையில் ஜோக்கர் தன் கத்தியாலேயே குத்துண்டு இறப்பதாகத்தான் எழுதினர். பதிப்பாசிரியர் விட்னி எல்ஸ்வொர்த் தடுத்தார். இத்துணை நல்ல பகைவனை வீணடிக்கலாகாது எனக் கருதினார். இறுதியில் அவசரமாக ஒரு கட்டம் சேர்க்கப்பட்டது. நோயாளர் ஊர்தியில் கிடத்தப்பட்டவனைச் சோதித்த மருத்துவர், இவன் உயிரோடிருக்கிறான், பிழைத்துக்கொள்வான் என வியக்கிறார். அவ்வொரு கட்டம் அன்று செய்தது நன்மையே. அதே கட்டத்தைத்தான் இன்றுவரை திரும்பத் திரும்ப வரைந்துகொண்டிருக்கிறார்கள்.

தொடக்கத்தில் கொன்று குவித்தவன், 1940களின் போக்கில் தணியத் தொடங்கினான். படக்கதைகள் சிறுவரைக் கெடுக்கின்றன என்று உளநோய் மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்தாம் எழுதிய நூலும், அமெரிக்கச் செனட் குழுவின் விசாரணையும் 1954-இல் ஒருங்கே வர, பதிப்பாளர்கள் அஞ்சித் தமக்குத் தாமே தணிக்கை விதிகளை வகுத்துக்கொண்டனர். ஜோக்கர் குறும்பு செய்யும் திருடன் ஆனான். 1966-இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடரில் அவனாக நடித்த சீசர் ரொமேரோ, தம் மீசையை மழிக்க மறுத்து, அதன்மேலேயே வெள்ளைச் சாயத்தைப் பூசிக்கொண்டார். உற்று நோக்கினால் மீசை தெரியும்! அச்சத்தின் கதி அந்த அளவிற்கு வந்திருந்தது.

தொடர் முடிந்த சிறிது காலத்தில் ஜோக்கர் படக்கதைகளிலிருந்தே மறைந்தான். ஏறத்தாழ நான்காண்டுகள் அவன் முகத்தைக் காணவில்லை. 1973-இல் டென்னிஸ் ஓ'நீல் எழுத, நீல் ஆடம்ஸ் வரைய, பழைய கொலைஞனாக மீண்டும் வந்தான். தன் பழைய கூட்டாளிகளுள் தன்னைக் காட்டிக்கொடுத்தவன் எவன் என்று தெரியாமையால் அனைவரையும் ஒவ்வொருவராகக் கொல்ல முற்படுகிறான். வாசகர் மீண்டும் நடுங்கினர். இடைவெளியே அந்நடுக்கத்தில் பாதியைத் தந்தது என்பேன். மண்ணைத் தரிசாகப் போடும் உழவனுக்குத் தெரிந்த நுட்பம் இது. பதிப்பாளர்க்கு அன்று தற்செயலாக வாய்த்தது.

1978-இல் ஸ்டீவ் எங்கிள்ஹார்ட், மார்ஷல் ரோஜர்ஸ் இருவரும் படைத்த 'சிரிக்கும் மீன்' என்னும் கதையை இவ்வகையின் கொடுமுடி என்பேன். கடலில் நஞ்சைக் கலந்து மீன்களுக்கெல்லாம் தன் சிரிப்பு முகத்தை வரச்செய்கிறான் ஜோக்கர். பின்னர் உரிமைப் பதிவு அலுவலகத்திற்குச் சென்று, என் முகமுடைய மீன் எங்கு விற்றாலும் எனக்குப் பங்கு வேண்டும் என்று கேட்கிறான். இயற்கைப் பொருளுக்கு உரிமைப் பதிவு தர இயலாது என்று எழுத்தர் விளக்குகிறார். அவன் கொலையைத் தொடங்குகிறான். கேட்கும்போது நகைப்பு, அடுத்த பக்கத்தில் நடுக்கம். தன் முகத்திற்கு உரிமை கோரும் அவனே ஒரு நிறுவனத்தின் உடைமை என்பதை நினைக்குந்தோறும் எனக்கு ஒரு கசப்பான சிரிப்பு வருவதுண்டு.

இவ்விடத்தில் ஒரு மறுப்புக்கு விடை கூறியாக வேண்டும். என் கருத்தைக் கேட்ட நண்பர் ஒருவர், "நம் கூத்தில் ஆண்டுதோறும் துரியோதனன் படுகளத்தில் வீழ்கின்றான், எவர் சலித்தார்? ஒரே பகைவன் மீண்டும் வருவதில் குற்றமென்ன?" என்றார். வினா கூரியதே. ஆனால் கூத்தில் நிகழ்வது மீட்டுரைத்தல். ஒவ்வோராண்டும் கதை முதலிலிருந்து தொடங்குகிறது, துரியோதனன் உண்மையாகவே வீழ்கிறான், கதை முடிகிறது. சென்ற ஆண்டு வீழ்ந்தது இவ்வாண்டுக் கதையில் கணக்கில் சேராது. 1940, 50களின் பேட்மேன் கதைகளும் ஏறத்தாழ அத்தன்மையனவே. ஓர் இதழில் நிகழ்ந்தது அடுத்த இதழைப் பற்றிக்கொண்டு தொடராது. பிற்காலத்தில், குறிப்பாக 1980களிலிருந்து, கதைகள் ஒரே நெடுங்கதையின் தொடர்ச்சியாயின. நேற்றுக் கொல்லப்பட்டவன் இன்றும் இறந்தவனே. நேற்று முடமாக்கப்பட்டவள் இன்றும் முடமே. மீட்டுரைத்தலுக்கு உரிய பகைவனைத் தொடர்கதைக்குள் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். ஆதலின் அவன் தப்பிக்குந்தோறும் பிணங்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது.

கணக்கு 1988-இல் ஏறத் தொடங்கியது. அவ்வாண்டு வெளிவந்த 'கொல்லும் நகைச்சுவை' என்னும் நூலில், காவல்துறை ஆணையர் கார்டனின் மகள் பார்பராவை ஜோக்கர் வாயிற்கதவைத் திறந்த மாத்திரத்திலேயே சுட்டு முடமாக்குகிறான். பிரையன் போலண்டின் ஓவியம் நேர்த்தியின் எல்லை. எழுதிய ஆலன் மூர் பின்னாளில் அப்படைப்பைத் தாமே குறைத்து மதிப்பிட்டார். பார்பராவுக்கு அக்கதையில் துன்புறுவதைத் தவிர வேறு பணியில்லை. தந்தையை வதைப்பதற்கு அவள் ஒரு கருவி. அவளைச் சக்கர நாற்காலியில் அமர்ந்த அறிவாற்றல் மிக்க 'ஆரக்கிள்' ஆக உயர்த்தி, மாந்தத் தன்மையை மீட்டுத் தந்தவர்கள் கிம் யேல், ஜான் ஆஸ்ட்ராண்டர் என்னும் எழுத்தாளர் இணையர். ஒரு வில்லன் கெடுத்ததைச் சீர்செய்ய வேறிருவர் வர வேண்டியிருந்தது.

அதே ஆண்டில் இன்னொன்றும் நிகழ்ந்தது. பேட்மேனின் இளந்துணைவனாகிய இரண்டாம் ராபின், ஜேசன் டாட் என்பவன், ஜோக்கரிடம் அகப்பட்டான். அவன் பிழைக்கலாமா, இறக்கலாமா என்பதை வாசகர்களே தொலைபேசி வாயிலாக முடிவு செய்யலாம் என்று பதிப்பகத்தார் அறிவித்தனர். அழைப்பொன்றுக்கு 50 சென்ட் கட்டணம். இறக்கட்டும் என்றோர் 5,343. வாழட்டும் என்றோர் 5,271. எழுபத்திரண்டு வாக்கு வேறுபாட்டில் ஒரு சிறுவன் கொல்லப்பட்டான். கற்பனைச் சிறுவன்தான். எனினும் அவ்வெண்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஒருமாதிரியாகிறது. கொன்றவன் ஜோக்கர், கட்டணம் செலுத்திக் கொல்லச் சொன்னவர்கள் எவர்?

அக்கதையின் எஞ்சிய பகுதி நம் கல்லூரிக் குடும்பத்தார்க்குச் சிறப்பாகத் தெரிய வேண்டிய ஒன்று. சிறுவனைக் கொன்ற பின்னும் வியப்பூட்ட ஏதேனும் வேண்டுமல்லவா? ஈரான் நாட்டுத் தலைவர் ஆயத்துல்லா கொமெய்னியே கதைக்குள் வருகிறார். ஜோக்கரை ஐக்கிய நாடுகள் அவைக்கு ஈரானின் தூதராக அமர்த்துகிறார். தூதர்க்குரிய சட்டக் காப்பினால் பேட்மேன் அவனைத் தொட இயலாமற் போகிறது. ஜோக்கர் அவைக்கு அரபு உடையும் தலைத்துணியும் அணிந்து வருகிறான். ஈரானியர் பேசுவது பாரசீகம், அவர்கள் அரபியர் அல்லர் என்ற பள்ளிச் சிறுவனுக்குத் தெரிந்த செய்திகூட எழுதியோர்க்குப் பொருட்டாகப் படவில்லை. ஒரு கொலைஞனுடைய சொந்த அச்சம் வற்றிப்போனபோது, செய்தித்தாளில் அன்றைக்கு எந்த மக்கள் பகைவராகக் காட்டப்பட்டனரோ அவர்களுடைய உடையை இரவல் வாங்கி அவனுக்குப் போர்த்தினார்கள். சமயப் பற்றினால் மட்டும் இதனைக் கூறவில்லை. எழுத்தின் வறுமை வெறுப்பிடம் கடன் வாங்கும் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

அதன்பின் ஏறுமுகந்தான். ஒவ்வொரு முறையும் முந்தையதைவிடக் கொடிதாக இருந்தாக வேண்டும் என்பது எழுதப்படாத விதியாயிற்று. 2011-இல் ஜோக்கரின் முகத்தோல் உரிக்கப்படுகிறது. மறு ஆண்டு அத்தோலையே வார்களால் கட்டிக்கொண்டு திரும்புகிறான். 2014-இல் ஊர் முழுமைக்கும் சிரிப்பு நோயைப் பரப்புகிறான். 2017-இல் பேட்மேனே ஜோக்கராக மாறிய ஒருவன் வேற்றுலகிலிருந்து வருகிறான். 2020-இல் 'மூன்று ஜோக்கர்கள்' என்றே ஒரு நூல். ஒருவன் போதவில்லை போலும்! அதே ஆண்டில் பேட்மேனின் செல்வம் முழுவதையும் கவர்ந்து நகரைப் பிடிக்கும் 'ஜோக்கர் போர்'. என் மருமகனைக் கொட்டாவி விடச் செய்தது இதுவே. 2021-இல் அவன் பெயரில் தனித் தொடர். இவற்றுள் சில திறமையாக எழுதப்பட்டவை என்பதை மறுக்கவில்லை. ஸ்காட் ஸ்னைடர் எளிய எழுத்தாளர் அல்லர். ஆயினும் கறியில் காரம் உறைக்கவில்லை என்று மேலும் மேலும் மிளகாய்த்தூளைக் கொட்டுபவனின் நிலைதான் இவர்களுடையது. உண்பவனின் நாக்கு மரத்துப்போயிற்று என்பதை எவரும் கேட்கவில்லை.

இச்சலிப்பு பகைவனோடு நின்றால் குறையில்லை. தலைவனையும் அது கெடுக்கிறது. பேட்மேன் எவரையும் கொல்லாதவன். முதலிரண்டு ஆண்டுகளில் அவ்வப்போது கொன்றதுண்டு. பதிப்பாசிரியர்கள் விரைவிலேயே அதனை விலக்கினர். தன் பெற்றோரைத் துப்பாக்கிக்குப் பலிகொடுத்த ஒருவன், கொலைக்குக் கொலை என்பதை ஏலாதிருத்தல் பெருமிதத்திற்குரியது. அதிவீரர் கதைகள் இளைஞர்க்குத் தரக்கூடிய நற்பொருள்களுள் தலையாயது அதுவே. ஜோக்கர் ஆண்டுக்கு இருமுறை தப்பித்து நூற்றுக்கணக்கானோரைக் கொல்லும்போது அவ்விரதம் என்னவாகிறது? அருள், அறியாமைபோல் தோன்றத் தொடங்குகிறது. கொல்லப்பட்ட ஜேசன் 2005-இல் உயிரோடு திரும்பிவந்து, எல்லாரையும் விட்டுவிடு, இவனொருவனை மட்டும் ஏன் விட்டுவைத்தாய் என்னும் பொருள்படப் பேட்மேனைக் கேட்கிறான். ஒருமுறை அப்படுகுழியில் இறங்கினால் மீளமாட்டேன் என்கிறான் பேட்மேன். விடை அழகியது. கேட்கும் மாணவர்கள் ஜேசன் பக்கமே நிற்கிறார்கள். வகுப்பில் நானே கேட்டுப் பார்த்தேன். "கொன்னுடணும் சார்" என்று ஒரே குரல்.

பேட்மேன் மீது வழக்குத் தொடுப்பது முறையன்று. அந்நகரில் நீதிமன்றம் உண்டு, சிறை உண்டு, 1974 முதல் ஆர்க்கம் என்னும் உளநோய் மருத்துவமனையும் உண்டு. இவற்றுள் எதுவும் ஜோக்கரை ஆறு மாதம் அடைத்துவைக்க இயலாதது ஏன்? கதையின் உள்ளே விடை கிடையாது. அடுத்த இதழ் விற்க வேண்டும் என்னும் விடை கதைக்கு வெளியே இருக்கிறது. வணிகனின் தேவையை மறைப்பதற்காகச் சட்டத்தைக் கையாலாகாததாகவும், அருளைக் கோழைத்தனமாகவும், உளநோயாளரை எல்லாம் கொலைஞராகவும் காட்டுகிறார்கள். இதைப் படித்து வளரும் பிள்ளை, கொன்றுவிட வேண்டும் என்று கூறுவதில் வியப்பில்லை. சலிப்பைவிட இதுவே எனக்குக் கவலை தருவது.

பகைவன் இறந்தே கிடந்தால் என்னவாகும் என்பதற்கும் ஒரு சான்று உண்டு. ஸ்பைடர்மேனின் பெரும்பகைவன் கிரீன் காப்ளின் 1964-இல் தோன்றியவன். முகமூடிக்குள் எவர் என்பதை ஈராண்டு மறைத்து வைத்தனர். 1973-இல் அவன் நாயகனின் காதலி குவென் ஸ்டேசியைப் பாலத்தின் உச்சியிலிருந்து வீழ்த்தினான். அடுத்த இதழிலேயே தன் ஊர்தியாலேயே குத்துண்டு மாண்டான். அதன்பின் 23 ஆண்டுகள் அவன் திரும்பவில்லை. அவன் மகன் அம்முகமூடியை எடுத்து அணிந்து அழிந்தான். நாயகனின் உறக்கத்தில் அந்தப் பாலம் நீங்காது நின்றது. செத்தவன் உயிரோடிருந்தவனைவிடப் பெரிதாக வளர்ந்தான். 1996-இல், குழம்பிப்போன ஒரு தொடரை முடித்துவைக்க ஆளில்லாமல் அவனையே எழுப்பிக் கொண்டுவந்தார்கள். ஐரோப்பாவில் மறைந்திருந்தானாம். இருபத்து மூன்றாண்டுத் துயரம் ஒரு வரியில் பொய்யாயிற்று. அவன் இன்றும் உலவுகிறான், அஞ்சுவோரைத்தான் காணோம்.

அடிக்கடி வருதலே குற்றம் என்று நான் கூறுவதாகக் கொள்ளலாகாது. டாக்டர் டூம் 1962 முதல் வருகிறான். காந்த ஆற்றலுடைய மேக்னிட்டோ 1963 முதல் வருகிறான். இவர்கள் சலிப்பூட்டாமைக்குக் காரணம், இவர்களுக்கு ஏதோ ஒன்று வேண்டியிருக்கிறது. டூமுக்கு ஆளுவதற்கு ஒரு நாடு உண்டு, காப்பாற்றுவதற்கு ஒரு செருக்கு உண்டு. மேக்னிட்டோ நாஜிகளின் ஆஷ்விட்ஸ் கொலைமுகாமில் தன் இனம் அழிந்ததைக் கண்டவன். தன் புதிய இனத்திற்கு அது நேரலாகாது என்று போராடுபவன். 1981-இல் வந்த ஒரு கதையில், சினத்தில் தான் வீழ்த்தியது ஒரு சிறுமியை என்று கண்டு அவன் நடுங்கி நிற்கிறான். சில ஆண்டுகளில் பகைவருடைய பள்ளிக்கே ஆசிரியனாகிறான். வேட்கையுடைய பகைவன் மாற முடியும். ஜோக்கருக்கு வேட்கையில்லை, அதுவே அவனுடைய அச்சத்தின் ஊற்று. ஆகவே அவனால் மாற முடியாது, மிக மட்டுமே முடியும். இத்தகையவனை அருமருந்துபோல் அளந்து வழங்கியிருக்க வேண்டும். அன்றாடச் சோறாக்கிவிட்டார்கள்.

புதிய பகைவரைப் படைக்க ஆளில்லையா எனில், படைப்போர் உளர். படைத்ததைக் கொடுக்க மனமில்லாதவராக உள்ளனர். 1938-இல் சீகலும் ஜோ ஷஸ்டரும் சூப்பர்மேனின் உரிமையை 130 டாலருக்கு விற்றனர். பில் ஃபிங்கர் 1974-இல் மறைந்தார். பேட்மேனைப் படைத்தவருள் ஒருவராக அவர் பெயர் முறையாக அச்சேறியது 2015-இல்தான். இவற்றைக் கண்ட பின்வந்தோர், தம் நல்ல கற்பனையைத் தமக்கே வைத்துக்கொண்டு, பெருநிறுவனங்களுக்கு அவர்களுடைய பழைய பொம்மையையே திருப்பிப் பூசித் தருகின்றனர். 1992-இல் ஓவியர் சிலர் வெளியேறித் தமக்கென 'இமேஜ்' பதிப்பகத்தை நிறுவினர். வெனம் என்னும் பகைவனின் உருவாக்கத்தில் பங்குகொண்ட டாட் மெக்ஃபார்லேன் அவருள் ஒருவர். அப்பதிப்பகத்தில் 2003-இல் தொடங்கிய ராபர்ட் கிர்க்மனின் 'இன்வின்சிபிள்' என்னும் அதிவீரர் கதை 2018-இல் 144-ஆம் இதழோடு முடிவுற்றது. முடிவுற்றது! உரிமை படைத்தவனிடம் இருந்தால் அவன் முற்றுப்புள்ளி வைக்க முடிகிறது.

பேட்மேன் இதழிலேயே 2011-இல் ஸ்னைடரும் கிரெக் கபுல்லோவும் 'ஆந்தைகள் அவை' என்னும் புதிய பகைக்கூட்டத்தைக் கொண்டுவந்தனர். எழுபதாண்டாகத் தன் கைரேகைபோல் அறிந்த நகரில் தனக்குத் தெரியாத ஒன்று இருந்திருக்கிறது என்று பேட்மேன் திடுக்கிட்டான், வாசகரும் திடுக்கிட்டனர். அந்நூல் பெருவெற்றி பெற்றது. வெற்றி கண்ட பதிப்பகத்தார் செய்தது இரண்டு. ஆந்தைகளைப் பிற இதழ்கள் பலவற்றிலும் ஒரே சமயத்தில் பறக்கவிட்டனர். அது முடிந்த சில மாதங்களில் மீண்டும் ஜோக்கரை அழைத்தனர்.

திரைப்படத்தைப் பற்றி நீட்டிக்க விரும்பவில்லை. 2008-இல் ஹீத் லெட்ஜர் நடித்து, மறைவுக்குப் பின் ஆஸ்கர் பெற்ற ஜோக்கரை மறக்க இயலாது; அவர் ஒரே படத்தில் வந்து போனார் என்பதையும் மறத்தல் ஆகாது. 2019-இல் வாக்கீன் ஃபீனிக்ஸ் நடித்த படம் நூறு கோடி டாலருக்குமேல் ஈட்டியது. 2024-இல் வந்த அதன் இரண்டாம் பாகம் அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கையே ஈட்டியது. பாட்டும் நீதிமன்றமுமாக அமைந்த அப்படம் தோற்றதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆயினும் முதற்படத்தில் முடிந்துபோன ஒருவனை ஏன் மீண்டும் எழுப்பினார்கள் என்று திரையரங்கில் எனக்கு முன்வரிசையில் அமர்ந்திருந்த இளைஞர்கள் பேசிக்கொண்டதைக் கேட்டேன்.

விடுமுறை முடிந்து திரும்புமுன், என்னிடமிருந்த 'சிரிக்கும் மீன்' கதையை மருமகனிடம் கொடுத்து வந்தேன். தாள் பழுத்த நூல்; வண்ணமும் மங்கியது. படிப்பான் என்று நம்பிக் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் இரவு, பதினொரு மணிக்குமேல், தொலைபேசி ஒலித்தது. அந்நேரத்து அழைப்பென்றால் நமக்கெல்லாம் நெஞ்சம் பதறும். பதறி எடுத்தேன்.

"மாமா, ஜோக்கர் தண்ணியில விழுந்துட்டான். சரி, விடுங்க. அந்த மீனெல்லாம் என்ன ஆச்சு?"